இன்னும் ஒரே ஒரு ஆட்டம்: சுங்கை சிப்புட் இணையச் சதுரங்கர் ஒருவரின் பலம், பலவீனம், கடைத்தேற்றம் குறித்த ஆய்வு

ஆய்வின் தேவை

சுங்கை சிப்புட்டைப் பற்றி எழுதியவர்களுக்குப் பஞ்சமில்லை. வரலாற்றாசிரியர்கள் 1948 ஜூன் 16-இல் தொடங்குவார்கள். அன்று காலை தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்த மூன்று ஐரோப்பியர் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. கூட்டுறவுத் துறையினர் இதே ஊரில் பிறந்த துன் சம்பந்தனிடம் போய்விடுவார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கப் புறப்பட்ட தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அவர் 1960-இல் தொடங்கியது. அரசியல் விமர்சகர்களுக்கோ 2008 ஒன்றே போதும். 1974 முதல் இத்தொகுதியைக் கையில் வைத்திருந்த சாமிவேலு அந்த ஆண்டுதான் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார்.

ஆனால், இரவு பதினொன்றரை மணிக்குத் தாமான் வீட்டு ஹாலில், காற்றாடிக்கு நேர்கீழே கைலியோடு மல்லாந்து படுத்துக்கொண்டு, கைப்பேசியில் ராணியைத் தானம் கொடுத்துவிட்டு "அலாமாக்!" என்று கத்துகிற மனிதரைப் பற்றி அறிஞர் உலகம் ஒரு வரி எழுதவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப இக்கட்டுரை முயல்கிறது. நிரப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பது பெரும்பாலான ஆய்வுகளுக்கும் பொருந்தும்.

ஆய்வுக்குரியவர்

பெயரை வெளியிடப்போவதில்லை. பயனர் பெயரையும் வெளியிடப்போவதில்லை. அதில் 'கிங்' என்ற சொல் வருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. அன்னார் முப்பத்தைந்தைத் தாண்டியவர். ஈப்போ பக்கம் வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை; மோட்டாரில் போய்வருகிறார். பாட்டியும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி லயத்து வீடுகள் காலியான பிறகு குடும்பம் தாமானுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளி நாளில் மாவட்டச் சதுரங்கப் போட்டிக்குப் போயிருக்கிறார். முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டால், அன்று கொடுத்த நாசி லெமாக்கில் சம்பால் எவ்வளவு பிரமாதமாக இருந்தது என்று விரிவாகச் சொல்கிறார்.

அப்புறம் நீண்ட இடைவெளி. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எம்சிஓ என்றும் பிகேபி என்றும் நாம் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில் சிலர் கேக் சுடக் கற்றார்கள், சிலர் மீன்தொட்டி வாங்கினார்கள், அன்னார் செஸ்.காம் செயலியை இறக்கிக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் நெட்பிளிக்ஸில் 'தி குவீன்ஸ் கேம்பிட்' வெளிவந்து பாதி உலகம் சதுரங்கத்துக்குள் விழுந்தது. தாம் அதற்கு முன்பே விழுந்தவர் என்பதை அன்னார் அழுத்திச் சொல்கிறார். பதிவு செய்துகொண்டோம்.

ஆய்வு நெறிமுறை

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.

ரேட்டிங் என்னும் எண்

அன்னாரின் மனநிலையை அறிய ஜாதகம் வேண்டாம்; ரேட்டிங் போதும். நாலு இலக்கத்தை எட்டிப் பார்ப்பார். மறுநாளே மூன்று இலக்கத்துக்குத் திரும்பிவிடுவார். எட்டிப் பார்த்த இரவில் பிடித்த திரைப்பிடிப்பு இன்றும் அவர் கைப்பேசியில் இருக்கிறது, குடும்பப் படங்களுக்கு நடுவில்.

இந்த எண்ணின் பூர்வீகம் சுவையானது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ வகுத்த கணக்கு இது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் இதை ஏற்றுக்கொண்டது. மார்க் கிளிக்மன் இதைச் செப்பனிட்டு உருவாக்கிய கிளிக்கோ முறையை இப்போது இணையத்தளங்கள் வைத்திருக்கின்றன. சாரம் எளிது. இருவருக்கும் ஒரே ரேட்டிங் என்றால் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. எதிரி 200 புள்ளி கூடியவர் என்றால் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு அவருக்கு. 400 கூடியவர் என்றால் பதினொன்றில் பத்து. செயலியோ நம் ரேட்டிங்குக்குச் சமமானவரையே தேடிப்பிடித்து எதிரே உட்காரவைக்கிறது. ஆகவே இரண்டு ஆட்டத்தில் ஒன்று தோற்பது அன்னாரின் தலையெழுத்து அல்ல, வகுத்தல் கணக்கு. "இன்னைக்கு நேரம் சரியில்ல லா" என்று அவர் சொல்லும் இரவுகளிலும், "இன்னைக்கு ஃபார்ம்ல இருக்கேன்" என்று சொல்லும் இரவுகளிலும் நடப்பது ஒன்றுதான். முதலில் எந்தப் பாதி வந்தது என்பதில் மட்டுமே வேறுபாடு.

அன்னாருக்கு இன்னொரு ரேட்டிங்கும் உண்டு. லிச்செஸ் தளத்தில் புதிதாக வருகிறவருக்கு 1500-இல் கணக்குத் தொடங்குகிறது. ஒரே ஆளுக்கு அங்கே எண் பெரிதாகவும் செஸ்.காமில் சிறிதாகவும் இருப்பது உலக வழக்கம். அன்னார் தினமும் ஆடுவது செஸ்.காமில், கல்யாண வீட்டில் சொல்வது லிச்செஸ் எண்ணை. இரட்டைக் கணக்குப் பதிவியலுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

பலங்கள்

முதற் பலமாக அன்னாரே முன்வைப்பது பரம்பரை. "தமிழனுக்கு இது ரத்தத்துலயே இருக்கு" என்பது அவர் கருதுகோள். ஆதாரங்களும் கொடுக்கிறார்: 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் தமிழர், அதுவும் பர்மாவில் பிறந்த தமிழர், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான ஆனந்த் மயிலாடுதுறையில் பிறந்தவர், திருப்பூவனூரில் சிவபெருமானே சதுரங்கம் ஆடி ஜெயித்ததாகத் தலபுராணம். சான்றுகள் மூன்றும் சரியே. ரத்தப் பரிசோதனைதான் இன்னும் செய்யப்படவில்லை.

இரண்டாவது, தொடக்கம். முதல் நான்கு நகர்வுகளில் அன்னார் எந்த கிராண்ட்மாஸ்டருக்கும் குறைந்தவரல்லர். யூடியூபில் லண்டன் சிஸ்டம் பற்றிப் பார்த்திருக்கிறார். பிஷப்பை எஃப்4-இல் கொண்டுபோய் வைக்கும்போது அவர் விரலில் ஒரு கம்பீரம் தெரிகிறது. ஐந்தாவது நகர்விலிருந்து அது தெரியவில்லை. நான்கு நகர்வில் செக்மேட் செய்யும் பள்ளிக்கூட வித்தையும் கைவசம் உண்டு: ராஜா முன் சிப்பாய் இரண்டு கட்டம், பிஷப் சி4, ராணி எச்5, பிறகு எஃப்7-இல் பாய்ச்சல். எதிரி ஜி6 என்று ஒரு சிப்பாயைத் தள்ளி, ராணி எஃப்3-க்குப் பின்வாங்கியதும் குதிரையை எஃப்6-இல் நிறுத்திவிட்டால் வித்தை முடிந்தது. இப்படி முடிந்துபோன பிறகும் அன்னார் ராணியை வேறு மூலைக்கு நகர்த்தி, அதே எஃப்7-ஐ இன்னும் சில நகர்வுகளுக்கு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, விடாப்பிடி. ராணி போனாலும், இரண்டு யானையும் போனாலும் ஆட்டத்தைக் கைவிடமாட்டார். இது மரபான சதுரங்க நாகரிகத்துக்கு மாறானது. ஆனால் அன்னாரின் ரேட்டிங் மண்டலத்தில் மிகச் சரியான உத்தி. எதிரியும் அவரைப் போன்றவரே. கொஞ்சம் பொறுத்தால் அவரும் கொடுத்துவிடுவார்.

நான்காவது, கண்விழிப்பு. 2022 மே மாதம் செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் இணையப் போட்டியின் அரையிறுதியில் பதினாறு வயதுப் பிரக்ஞானந்தா அனிஷ் கிரியை வென்று முடித்தபோது சென்னையில் பின்னிரவு இரண்டு மணி; விடிந்தால் பதினோராம் வகுப்புத் தேர்வு. அன்னாரும் பின்னிரவு இரண்டு மணிக்கு ஆடிக்கொண்டிருக்கிறார். விடிந்தால் அவருக்கும் வேலை. இருட்டில் கைப்பேசி வெளிச்சம் படும் முகத்தை மட்டும் வைத்து இருவரையும் வேறுபடுத்த இயலாது. பலகையையும் பார்த்தால் இயலும்.

பலவீனங்கள்

இங்கே தரவு ஏராளம். எல்லாவற்றையும் அடுக்கினால் பட்டியல் நீளும் என்பதால், ஒரே ஒரு ஆட்டத்தின் கடைசிப் பதினோரு விநாடிகளை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம்.

அன்னாரிடம் ராஜா, ராணி, சிப்பாய் ஒன்று. எதிரியிடம் தனி ராஜா. அது எச்8 மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. கடிகாரம் சிவப்பாகிவிட்டது. அன்னார் எழுந்து உட்காருகிறார். கைலியை இறுக்கிக் கட்டுகிறார். "முடிஞ்சான்" என்கிறார். சமையலறையிலிருந்து அம்மா, "டேய், மாமா போன்ல இருக்காரு, ஒரு வார்த்தை பேசுடா" என்கிறார். "இரும்மா, மேட்டு!" என்று பதில் போகிறது. ராணியை ஜி6-இல் வைக்கிறார். செக் இல்லை. எதிரி ராஜாவுக்கு நகர ஒரு கட்டமும் இல்லை. ஆட்டம் சமன்.

மூலையில் கிடக்கும் தனி ராஜாவிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை நிறுத்தினால் அதற்கு மூச்சுவிட இடமிருக்காது என்பதைச் சதுரங்கம் கற்றுத்தரும் எல்லாரும் முதல் மாதத்திலேயே சொல்லிவிடுவார்கள். அன்னாருக்கும் தெரியும். பகலில் கேட்டால் சரியாகச் சொல்கிறார். ஆய்வாளரைச் சிந்திக்கவைத்தது வேறொன்று. எதிரியிடம் தனி ராஜா மட்டும் இருக்கும்போது நம் நேரம் தீர்ந்தாலும் விதிப்படி ஆட்டம் சமன்தான், தோல்வி இல்லை. அதாவது, ஒரு நகர்வும் ஆடாமல் மாமாவிடம் நலம் விசாரித்திருந்தாலும் அன்னாருக்கு இதே அரைப் புள்ளி கிடைத்திருக்கும். அவசரத்தின் நிகர வருமானம் சுழியம். செலவு மட்டும் மாமாவின் மனத்தாங்கல்.

இதை எடுத்துச் சொன்னபோது அன்னார் ஒரு மேற்கோளோடு வந்தார். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டம் சமனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்வில் நடப்பு உலக வெற்றியாளர் டிங் லிரென் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் மாறி, பிஷப்புகளும் மாறினால் மிஞ்சுகிற சிப்பாய் ஆட்டம் தோல்வி என்பது அந்தக் கணத்தில் அவருக்குத் தட்டுப்படவில்லை. குகேஷ் 7.5–6.5 என்று வென்று பதினெட்டு வயதில் உலக வெற்றியாளர் ஆனார். "வேர்ல்ட் சேம்பியனே பிளண்டர் பண்றாரு. நான் பண்ணா மட்டும் என்ன?" கேள்வி நியாயமானது. டிங் அதைச் செய்ய மூன்று வாரத்துக்கு நெருக்கமான போட்டி தேவைப்பட்டது. அன்னாருக்கு ரொட்டி சானாய் வந்துசேரும் நேரம் போதுமானதாக இருக்கிறது.

மற்ற பலவீனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: தன் காயை மட்டுமே பார்ப்பார், எதிரி ஏன் அங்கே நகர்த்தினான் என்று கேட்கமாட்டார், குதிரை பின்னோக்கியும் தாவும் என்பதை ஒவ்வொரு முறையும் புதுச் செய்தியாகக் கேட்டுக்கொள்வார்.

ரீமேட்ச் பொத்தான் மட்டும் தனியாகப் பேசத் தகுந்தது. மறுமோதல் இந்தத் தொகுதிக்குப் பழக்கமான விஷயம்தான். ஜெயக்குமார் 1999-இலும் 2004-இலும் சாமிவேலுவிடம் தோற்று, மூன்றாம் முறை 2008-இல் வென்றார். முதல் தோல்விக்கும் வெற்றிக்கும் நடுவே எட்டு ஆண்டுகளுக்கு மேல். அன்னார் எட்டு விநாடிகூட எடுப்பதில்லை. தோற்ற சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம், அது தோற்றதும் அதற்கடுத்தது, ஒவ்வொன்றும் முன்னதைவிட வேகமாக. "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்ற வாக்கியத்தை எங்கள் குறிப்பேட்டில் நேரத்தோடு பதிந்துவைத்தோம். வெற்றியோடு முடிக்கவேண்டும் என்ற கொள்கைதான் அவரைத் தோல்வியிலேயே பிடித்துவைத்திருக்கிறது. வெற்றி வந்தாலோ, "ஓடுது, விடக்கூடாது" என்று இன்னொன்று.

தரவில் காணப்படும் பிறழ்வு

ஒரு காலகட்டத்தில் அன்னாரின் ரேட்டிங் காரணமில்லாமல் மளமளவென்று ஏறியது. விசாரித்ததில், அவர் காய்ச்சலில் கிடந்தபோது தமிழ்ப்பள்ளியில் படிக்கும் அக்காள் மகன் கைப்பேசியை எடுத்து ஆடியிருப்பது தெரியவந்தது. இன்னொருவர் கணக்கில் ஆடுவது விதிமீறல். அதை மருமகனிடம் சொன்னோம், "மாமா ஆடினா மட்டும் சரியா?" என்று கேட்டான். கேள்வி எங்கள் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

காய்ச்சல் விட்டு எழுந்த அன்னார், தூக்கத்திலேயே தாம் தேறிவிட்டதாகச் சில மணி நேரம் நம்பினார். அதன்பின் தோல்வி மேல் தோல்வி. ஏனெனில் இப்போது எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் மருமகனுக்குச் சமமானவர்கள். எண் இறங்கி இறங்கிப் பழைய இடத்துக்கே வந்து நின்றபோதுதான் மறுபடி பாதி ஆட்டம் ஜெயிக்கத் தொடங்கினார். ஈலோவின் கணக்கு எவ்வளவு நேர்மையானது என்பதற்கு இந்த வீட்டைவிட நல்ல ஆய்வகம் கிடைக்காது. இரவல் ரேட்டிங் சொந்தக்காரரிடம் தங்குவதில்லை.

எதிரி மோசடிக்காரன் என்னும் கோட்பாடு

அன்னார் தோற்றால் மூன்று காரணங்கள் உண்டு: நெட் சரியில்லை; விரல் தவறிப் பட்டுவிட்டது; எதிரி கணினி எஞ்சின் வைத்து ஆடுகிறான். மூன்றாவதை அப்படியே தள்ளிவிட முடியாது. 2021 மார்ச்சில் நீரிணைக்கு அப்பால் இந்தோனேசியாவே இரண்டுபட்டது. 'தேவா கிப்பாஸ்' என்ற பெயரில் ஆடிய டாடாங் சுபூர், லெவி ரோஸ்மன் என்ற பிரபல யூடியூபரை வென்றார். பிறகு சுபூரின் கணக்கு மோசடி என்று முடக்கப்பட்டது. முடக்கியது தவறு என்று ஒரு பெரும் படை கிளம்பியது. கடைசியில் மார்ச் 22-இல் நேரில் உட்காரவைத்து, இந்தோனேசிய வீராங்கனை இரீன் சுகந்தரோடு மோதவிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் நேரலையில் பார்க்க, இரீன் 3–0 என்று வென்றார். அதே ஆண்டு ஜூனில் கொரோனா நிதிக்காக ஆனந்தோடு இணையத்தில் ஆடிய தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றார்; மறுநாளே கணினியின் துணையும் பிறர் துணையும் இருந்ததை ஒப்புக்கொண்டார். ஆகவே மோசடி உண்டு. ஆனால் ஆனந்தை வெல்ல எஞ்சின் வேண்டும். அன்னாரை வெல்ல ஒருவன் ஏன் மின்சாரத்தை வீணாக்கவேண்டும் என்பதற்குக் கோட்பாட்டில் விடையில்லை.

கடைத்தேறும் வழி

ஆழமாக யோசிக்கவேண்டும், பத்து நகர்வு முன்னால் பார்க்கவேண்டும் என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறார்கள். டச்சு உளவியலாளர் அட்ரியான் டி கிரோட் 1946-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. அவரே ஒலிம்பியாடில் நெதர்லாந்துக்கு ஆடியவர். கிராண்ட்மாஸ்டர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிட வெகுதூரம் எண்ணிப் பார்ப்பதில்லை, பார்த்த உடனேயே சரியான நகர்வைச் சுற்றித்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள் என்று கண்டார். 1973-இல் சேஸ், சைமன் என்னும் ஆய்வாளர்கள் இன்னொரு அடி போனார்கள். ஆட்டத்திலிருந்து எடுத்த பலகையைச் சில விநாடி காட்டினால் வல்லுநர் அப்படியே திரும்ப அடுக்கிவிடுகிறார். காய்களைத் தாறுமாறாகக் கலைத்துக் காட்டினால் புதியவரைப் போலவே தடுமாறுகிறார். வல்லுநரிடம் இருப்பது தனி ஞாபகசக்தி அல்ல, முன்பே பார்த்துப் பழகிய அமைப்புகள். ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடிய அன்னாரிடம் அவை ஏன் சேரவில்லை? ஆடினார், பார்க்கவில்லை. தோற்ற ஆட்டத்தை அவர் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. செயலியின் ஆய்வுப் பக்கத்தைத் திறந்தாலும் சிவப்புக் கேள்விக்குறிகளைத் தாண்டி, இரட்டை ஆச்சரியக்குறி எங்காவது இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்.

வழியை அன்னாரின் அம்மாவே காட்டினார், சதுரங்கம் தெரியாமலே. நாங்கள் அவரிடம் கேட்டது பால்மரத்தைப் பற்றி. "இருட்டோட போயி வெட்டணும். பட்டைய மெல்லிசா சீவணும் தம்பி. இன்னைக்கு நெறைய பால் வேணும்னு கத்திய ஆழமா எறக்கினா மரத்துல காயம் பட்டுரும். அப்புறம் வர்ற பட்டை முண்டும் முடிச்சுமா வரும், வெட்டவே முடியாது. ஒருநாள் வெட்டினா மறுநாள் விட்டுரணும்." ஆய்வாளர் இதை அப்படியே பயிற்சித் திட்டமாக எழுதிக்கொண்டார். ஒருநாள் விட்டு ஒருநாள், பதினைந்து நிமிடம் கொண்ட ஒரே ஆட்டம்; நகர்வுக்குப் பத்து விநாடி கூடுகிற வகை என்றால் இன்னும் நல்லது. இடைப்பட்ட நாளில் அந்த ஆட்டத்தையே முதலிலிருந்து பார்க்கவேண்டும். எங்கே சறுக்கியது என்று தாமே கண்டுபிடித்த பிறகுதான் எஞ்சினைக் கேட்கலாம். குகேஷின் தொடக்ககாலப் பயிற்சியில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா எஞ்சினைப் பக்கத்திலேயே விடவில்லை என்பதை இங்கே நினைவூட்டினோம். கூடவே தினம் சில புதிர்கள். சிறுவயதில் தந்தையின் வேலை காரணமாக மணிலாவில் இருந்த ஆனந்த், அங்கே தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிர்களை அம்மாவோடு சேர்ந்து விடுவித்து அனுப்பிப் பரிசுப் புத்தகங்களாக வாங்கிக் குவித்தவர். நிகழ்ச்சி பகல் நேரத்தில் வரும். பையன் பள்ளியில் இருக்கும்போது புதிரை எழுதிவைப்பது அம்மாவின் வேலை.

அன்னார் திட்டத்தைக் கவனமாகக் கேட்டார். இரண்டு ஐயங்கள் எழுப்பினார். முதலாவது, மறுநாள் முழுக்க ஆடாமல் இருக்கவேண்டுமா, அல்லது அதிவேகப் புல்லட் ஆட்டம் கணக்கில் வராதா? இரண்டாவது, இப்படிச் செய்தால் ரேட்டிங் எப்போது ஏறும்? முதல் கேள்விக்கு வராது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் வராது என்றே எடுத்துக்கொண்டார். இரண்டாவதற்கு விடை சொல்லும் முன் அவருக்கு ஓர் எதிரி கிடைத்துவிட்டான், வியட்நாம்காரன்.

மேலாய்வுக்கு உரியவை

இத்துறையில் செய்யவேண்டியவை இன்னும் நிறைய. அவற்றுள் அவசரமானது பின்னால் நின்று பார்ப்பவர் பற்றிய ஆய்வு. மாமாக் கடையில் அன்னார் ஆடும்போதெல்லாம் தே தாரிக் கிளாசோடு தோளுக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்கிறார். எல்லா நகர்வையும் அவர் முன்கூட்டியே பார்த்துவிடுகிறார். ஆனால் காய் போன பிறகுதான் சொல்கிறார். அவருக்குக் கணக்கு இல்லை, செயலி இல்லை, ரேட்டிங்கும் இல்லை. ஆகவே குறைவதும் இல்லை. நேர்காணலுக்கு அணுகினோம். தாம் ஆடுவதில்லை என்றும், ஆடினால் அன்னார் வருத்தப்படுவார் என்றும் சொல்லிவிட்டு, எங்கள் மேசையிலிருந்த கடைசி ரொட்டியை எடுத்துக்கொண்டார்.